சிவப்பில் அச்சிட்ட மூன்று எண்கள்

கேள்வி



என் பெரியண்ணனுக்கு 54 வயது. மளிகைக்கடை வைத்திருக்கிறார். 12 வருடமாகச் சர்க்கரை நோய் உண்டு. மலத்தில் ரத்தம் போவதை மூலச்சூடு என்று நினைத்து, மோரும் வெந்தயமுமாக நான்கு மாதம் ஓட்டிவிட்டார். உடம்பு வெளுத்து, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்க ஆரம்பித்தபோது அண்ணிதான் விடாப்பிடியாக மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். ஹீமோகுளோபின் 9.2 இருந்தது. கொலோனோஸ்கோபியில் பெருங்குடலின் இடப்பக்கத்தில் ஒரு கட்டி தெரிந்தது. பயாப்ஸியில் புற்றுநோய் என்று வந்தது. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. முதல் நிலைதான், நெறிக்கட்டிகளில் பரவவில்லை, கீமோ தேவையில்லை என்றார்கள். கூடப்பிறந்தவர்களும் ஸ்கோப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சர்ஜன் சொல்லி அனுப்பினார்.

மூன்று வாரம் கழித்து எங்கள் சித்தப்பா மகன் ஒரு லேபில் ‘ஆன்டிஆக்ஸிடன்ட் பேக்கேஜ்’ என்று ரத்தப் பரிசோதனை செய்ய வைத்தார். அறிக்கையில் சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் குறைவு, கேட்டலேஸ் குறைவு, மாலோன்டைஆல்டிஹைடு அதிகம் என்று மூன்று எண்களையும் சிவப்பில் அச்சிட்டிருந்தார்கள். ‘உடம்பில் இந்த நொதிகள் குறைந்ததால்தான் புற்றுநோய் வந்தது’ என்று சொல்லி, அவரே ஒரு கேப்ஸ்யூலும் கொடுக்கிறார். வீட்டில் மூன்று பேருக்கு மாதம் 4,200 ரூபாய் ஆகிறது. பெரியண்ணன், அண்ணி, சின்னண்ணன் மூவரும் சாப்பிடுகிறார்கள். சின்னண்ணனுக்கு 48 வயது. சிகரெட் பழக்கம் உண்டு, இரவில் குடிப்பதும் உண்டு. ஸ்கோப் பற்றிப் பேசினால், ‘அதுக்குத்தான் மாத்திரை சாப்பிடுறேனே’ என்கிறார்.

என் கேள்விகள்: நொதிகள் குறைந்ததால்தான் நோய் வந்ததா? இந்தப் பரிசோதனையை முன்பே செய்திருந்தால் முன்பே தெரிந்திருக்குமா? நோய் திரும்பாமல் கேப்ஸ்யூல் தடுக்குமா? எங்கள் அம்மாவும் அப்பாவும் மாமன் மகள், அத்தை மகன். அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்குமா? ‘நான் என்ன தப்பாச் சாப்பிட்டேன்’ என்று பெரியண்ணன் தினமும் கேட்கிறார். அவருக்கு நான் என்ன பதில் சொல்வது?

— 44 வயது வாசகி, நாமக்கல் மாவட்டம்

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விளக்கத்தைப் பிறகு நிதானமாகப் படியுங்கள்.

பெரியண்ணனுக்குக் கிடைக்க வேண்டிய சிகிச்சை கிடைத்துவிட்டது. பெருங்குடல் புற்றுநோயை முதல் நிலையில் கண்டு முறையாக அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் ஐந்து ஆண்டுகளைத் தாண்டி நலமாக இருக்கிறார்கள். அந்த மூன்று சிவப்பு எண்களை வைத்து அவருக்கு எந்த மருந்தும் தொடங்க வேண்டியதில்லை. சின்னண்ணன் கேப்ஸ்யூலை இன்றே நிறுத்தட்டும். இந்த மாதத்துக்குள் அவருக்குக் கொலோனோஸ்கோபி நடக்க வேண்டும். இன்னொருவருக்கும் அது நடக்க வேண்டும். அவர் யார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அந்த நொதிகள் உடலில் என்ன செய்கின்றன?

உங்கள் சித்தப்பா மகன் சொல்வதில் உண்மையின் ஒரு பகுதி இருக்கிறது. அதனால்தான் அதை எளிதில் தள்ளிவிட முடியவில்லை. எங்கே உண்மை முடிகிறது என்று பார்ப்போம்.

நாம் மூச்சில் இழுக்கும் ஆக்ஸிஜனைக் கொண்டு செல்கள் சக்தி தயாரிக்கின்றன. அந்த வேலை நடக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் சிறிதளவு ஆக்ஸிஜன் ஒரு எலக்ட்ரானைக் கூடுதலாகப் பிடித்துக்கொண்டு சூப்பராக்சைடாக மாறிவிடுகிறது. அது அருகில் இருப்பவற்றோடு எளிதில் வினைபுரியும். அதை அடக்கும் முதல் நொதிதான் சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் 1969-ல் அதன் வேலையைக் கண்டுபிடித்தார்கள். அந்த நொதி சூப்பராக்சைடை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றிவிடுகிறது.

ஹைட்ரஜன் பெராக்சைடை நீங்களும் பார்த்திருப்பீர்கள். புண்ணைக் கழுவ ஊற்றினால் வெள்ளையாக நுரைத்துப் பொங்குமே, அதுதான். அந்த நுரைக்குக் காரணம் நம் ரத்தத்திலும் திசுவிலும் இருக்கும் கேட்டலேஸ். அது பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்ஸிஜனாகவும் உடைக்கிறது. இதே வேலையை வேறு வழியில் செய்யும் மூன்றாவது நொதி குளூட்டாதயோன் பெராக்சிடேஸ். அது இயங்குவதற்குச் செலினியம் என்ற தாது தேவை என்பது 1973-ல் தெரியவந்தது.

இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று கைமாற்றி வேலை செய்பவை. முதல் நொதி மட்டும் கூடி, அடுத்த இரண்டும் கூடாவிட்டால், பெராக்சைடு தேங்கிவிடும். தேங்கிய பெராக்சைடு இரும்போடு சேர்ந்தால் ஹைட்ராக்சில் என்ற மிகக் கொடிய துகள் பிறக்கிறது. அதை அடக்க உடலில் நொதியே கிடையாது. ஆகவே ‘நொதி கூடினால் நல்லது, குறைந்தால் கெட்டது’ என்ற கணக்கு இங்கே செல்லாது. தாக்கும் துகள்கள் ஒரு பக்கம், தடுக்கும் ஏற்பாடுகள் இன்னொரு பக்கம். தராசு தாக்கும் பக்கம் சாய்வதைத்தான் ஆக்ஸிஜனேற்ற அழுத்தம் என்கிறோம். ஹெல்முட் சீஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் 1985-ல் இந்தக் கருத்தை வரையறுத்தார்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். இந்தத் துகள்கள் முற்றிலும் எதிரிகள் இல்லை. நம் வெள்ளணுக்கள் கிருமியைக் கொல்வதே சூப்பராக்சைடைத் தயாரித்துத்தான். பிறவியிலேயே அதைத் தயாரிக்க முடியாத குழந்தைகள் ஓயாத கிருமித்தொற்றால் அவதிப்படுகிறார்கள்.

நொதி குறைந்ததால்தான் புற்றுநோய் வந்ததா?

இந்தத் தராசு சாய்வதற்கு வாய்ப்பு அதிகம் உள்ள இடம் பெருங்குடல். கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் அங்கே வாழ்கின்றன. நாம் சாப்பிடும் இரும்புச்சத்தில் சிறு பங்கையே உடல் எடுத்துக்கொள்கிறது. மீதி பெருங்குடலுக்குத்தான் போகிறது. நாள்பட்ட அழற்சி இருந்தால் வெள்ளணுக்களும் அங்கே கூடித் துகள்களைக் கொட்டும். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்ற குடல் அழற்சி பல ஆண்டுகள் நீடித்தவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம். குளூட்டாதயோன் பெராக்சிடேஸின் இரு வகைகளை மரபிலிருந்து நீக்கிய எலிகளுக்குக் குடல் அழற்சியும் கட்டிகளும் வந்தன. அதே எலிகளைக் கிருமியே இல்லாத கூண்டில் வளர்த்தபோது அவை வரவில்லை. நொதி, பாக்டீரியா, அழற்சி மூன்றும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதற்கு இது நல்ல சான்று.

மனிதர்களில் இதைவிடத் தெளிவான சான்று ஒன்று உண்டு. உங்கள் பெற்றோரின் உறவுமுறைத் திருமணம் பற்றிய கேள்விக்கும் அதில்தான் பதில் இருக்கிறது.

நம் டிஎன்ஏ-வில் உள்ள நான்கு எழுத்துகளில் ‘ஜி’ என்ற குவானின்தான் ஆக்ஸிஜன் துகளால் மிக எளிதில் கெடும். கெட்ட ஜி தன் இணையான ‘சி’-யோடு சேராமல் தவறாக ‘ஏ’-யோடு சேர்ந்துகொள்ளும். அடுத்த முறை செல் பிரியும்போது அந்தப் பிழை நிரந்தரமாகிவிடும். இந்தத் தவறான ஏ-யைக் கண்டுபிடித்து வெட்டி எடுக்க மியூட்டிஒய்ஹெச் என்ற மரபணு ஒரு திருத்துபவரை நியமித்திருக்கிறது. 2002-ல் வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகர ஆய்வாளர்கள் ஒரு குடும்பத்தை ஆராய்ந்தார்கள். உடன்பிறந்த மூவருக்குப் பெருங்குடலில் பல பாலிப்புகளும் புற்றுநோயும் இருந்தன. அவர்கள் கட்டிகளில் இருந்த எழுத்துப்பிழைகள் பெரும்பாலும் இதே வகைப் பிழைகள். தாய் வழியாக வந்த பிரதி, தந்தை வழியாக வந்த பிரதி இரண்டிலும் அந்த மரபணு பழுதாகியிருந்தது. ஆக்ஸிஜனால் விளையும் டிஎன்ஏ சேதம் மனிதருக்குப் பெருங்குடல் புற்றுநோயை உண்டாக்க முடியும் என்பது அப்போது ஐயமின்றித் தெரிந்தது.

இரண்டு பிரதியும் பழுதானால் மட்டுமே இந்த நோய் வரும். நெருங்கிய உறவில் திருமணம் செய்தவர்களின் பிள்ளைகளுக்கு, ஒரே பழுது இருபுறமும் சேர்வதற்கு வாய்ப்பு கூடுதல். ஆனால் இந்த நோய் உள்ளவர்களுக்குப் பத்து, இருபது, சில வேளை நூற்றுக்கணக்கில் பாலிப்புகள் இருக்கும். உங்கள் அண்ணனுக்கு ஒரே கட்டிதான் இருந்தது என்றால் அவருக்கு இது இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. கொலோனோஸ்கோபி அறிக்கையில் எத்தனை பாலிப்புகள் என்று எழுதியிருக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். பத்துக்கு மேல் இருந்தால் மரபணுப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். இன்னொன்றும் கேளுங்கள்: வெட்டி எடுத்த கட்டியில் ‘எம்எம்ஆர்’ பரிசோதனை செய்தார்களா? லின்ச் என்ற பரம்பரை நோயை அது காட்டிக்கொடுக்கும். பெருங்குடல் புற்றுநோய் வந்த ஒவ்வொருவருக்கும் செய்ய வேண்டியது அது. அந்த ஒரு சீட்டு உங்கள் குடும்பம் முழுவதற்கும் பயன்படும்.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: பெருங்குடல் புற்றுநோய் உருவாகும் பாதையில் ஆக்ஸிஜன் சேதம் ஒரு படி. ஆனால் அண்ணனின் ரத்தத்தில் ஒரு நொதி குறைந்திருந்ததால் அவருக்கு நோய் வந்தது என்று யாரும் சொல்ல முடியாது.

அந்த மூன்று எண்களை எப்படிப் படிப்பது?

பட்டமேற்படிப்புக் காலத்தில் ஒரு வருடம் நானே உயிர்வேதியியல் ஆய்வகத்தில் இந்த எண்களை அளந்திருக்கிறேன். ரத்தக் குழாயைச் சற்று வேகமாகக் குலுக்கிவிட்டால் போதும், சிவப்பணுக்கள் உடைந்து சீரம் இளஞ்சிவப்பாகிவிடும். சிவப்பணுவுக்குள் இந்த நொதிகள் நிறைந்திருப்பதால் எண் எகிறிவிடும். நோயாளியின் உடம்பில் எதுவும் மாறியிருக்காது. குழாயைக் குலுக்கிய கைதான் காரணம். மாலோன்டைஆல்டிஹைடு என்பது செல்லின் கொழுப்புச் சவ்வு சேதமடையும்போது உண்டாகும் பொருள். பல லேபுகளில் ஒரு அமிலத்தோடு சூடாக்கி, வரும் இளஞ்சிவப்பு நிறத்தின் அடர்த்தியை வைத்து அதைக் கணக்கிடுகிறார்கள். சர்க்கரை உள்ளிட்ட வேறு பொருள்களும் அந்த வினையில் கலந்துகொள்ளும்.

உங்கள் அண்ணனின் அறிக்கைக்கு வருவோம். ரத்தம் எடுத்தது அறுவை சிகிச்சை முடிந்து மூன்று வாரத்தில். காயம் ஆறிக்கொண்டிருக்கும் உடம்பில் அழற்சி இருக்கும், ஆக்ஸிஜனேற்ற அழுத்தமும் கூடியிருக்கும். அவருக்கு 12 வருடச் சர்க்கரை நோய் இருக்கிறது. அதுவே மாலோன்டைஆல்டிஹைடைக் கூட்டும். நான்கு மாதம் ரத்தம் போனதில் ஹீமோகுளோபின் 9.2-க்கு இறங்கியிருந்தது. கேட்டலேஸ் இரும்பைக் கொண்டு இயங்கும் நொதி. மேலும் சிவப்பணு நொதிகளைப் பெரும்பாலும் ‘ஒரு கிராம் ஹீமோகுளோபினுக்கு இவ்வளவு’ என்று கணக்கிடுவார்கள். ரத்தசோகை இருப்பவரிடம் அந்தக் கணக்கே ஆட்டம் காணும். ஆக அந்த மூன்று சிவப்பு எண்களுக்கும் புற்றுநோயைத் தவிர்த்தே மூன்று விளக்கங்கள் இருக்கின்றன. கட்டியை வெட்டி எடுத்த பிறகு எடுத்த ரத்தம் என்பதையும் மறக்க வேண்டாம்.

முன்பே செய்திருந்தால் முன்பே தெரிந்திருக்குமா?

தெரிந்திருக்காது. இந்தத் துறையில் நிறைய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. புற்றுநோயாளிகள் நூறு பேர், நலமானவர்கள் நூறு பேர் என்று எடுத்து சராசரி பார்த்தால் வேறுபாடு தெரிவதுண்டு. ஆனால் இரு கூட்டத்தின் எண்களும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கும். நலமானவர் பலரின் எண் நோயாளியுடையதைப் போலவே இருக்கும். ஆரம்ப நிலையில் அந்த வேறுபாடு இன்னும் மங்கலாகிவிடும். ஒரு ஆய்வில் கூடும் நொதி இன்னொன்றில் குறையும். கட்டித் திசுவை எடுத்துப் பார்த்தாலும், மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள மாங்கனீசு வகை டிஸ்மியூட்டேஸ் பல கட்டிகளில் கூடியும் கேட்டலேஸ் குறைந்தும் இருக்கிறது. எல்லா நொதியும் ஒரேயடியாகக் குறைவதில்லை.

பெருங்குடல் புற்றுநோயின் ஆரம்பத்தைக் காட்டித்தரும் நல்ல வழிகள் ஏற்கெனவே நம் கையில் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தை மலத்தில் கண்டுபிடிக்கும் ‘ஃபிட்’ பரிசோதனை ஒன்று. கொலோனோஸ்கோபி மற்றொன்று. பாலிப் ஒன்று புற்றுநோயாக மாறப் பொதுவாகப் பத்து ஆண்டுகள் போல ஆகும். அந்த இடைவெளியில் கொலோனோஸ்கோபி செய்தால், பாலிப்பைப் பார்த்த கையோடு அகற்றிவிடலாம். புற்றுநோய் வருவதற்கு முன்பே அதைத் தடுக்கும் வாய்ப்பு இப்படி வேறு சில புற்றுநோய்களில்தான் கிடைக்கும். அதை விட்டுவிட்டு வருடாவருடம் நொதி அளப்பது, திருடன் வந்த வழியைப் பூட்டாமல் முற்றத்துக் காற்றின் வேகத்தை அளப்பது போல.

கேப்ஸ்யூல் தடுக்குமா?

நொதியையே கேப்ஸ்யூலில் அடைத்துத் தருவதாகச் சொன்னால், அது ஒரு புரதம் என்பதை நினைவில் வையுங்கள். முட்டை வெள்ளைக்கரு வயிற்றில் செரிப்பதைப் போலத்தான் விழுங்கிய புரதமும் செரிக்கும். பெரும்பாலான கேப்ஸ்யூல்களில் இருப்பவை வைட்டமின் ஈ, வைட்டமின் சி, பீட்டா கரோட்டின், செலினியம். இவை நோயைத் தடுக்கும் என்ற எதிர்பார்ப்பு மருத்துவ உலகிலும் இருந்தது. நம்பிக்கையோடு நிறுத்திவிடாமல் பெரிய அளவில் சோதித்தும் பார்த்தார்கள். அந்த முடிவுகளை நீங்கள் அறிய வேண்டும்.

ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 1994-ல் வந்தது. பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் புகைபிடிப்பவர்கள், ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்கள் 18,314 பேரிடம் நடந்த இன்னொரு சோதனையைத் தீங்கு தெரிந்ததும் 1996-ல் இடையிலேயே நிறுத்தினார்கள். 35,533 ஆண்களிடம் செலினியமும் வைட்டமின் ஈ-யும் கொடுத்துப் பார்த்த சோதனையில் அவை புராஸ்டேட் புற்றுநோயைத் தடுக்கவில்லை. வைட்டமின் ஈ மட்டும் எடுத்தவர்களிடம் அது 17 சதவீதம் கூடியதாக 2011-ல் தெரிந்தது.

உங்கள் வீட்டுக்கு நேராகப் பொருந்தும் சோதனையும் உண்டு. பாலிப் அகற்றப்பட்ட 864 பேரிடம் பீட்டா கரோட்டின் 25 மி.கி., வைட்டமின் சி 1 கிராம், வைட்டமின் ஈ 400 மி.கி. ஆகியவற்றைக் கொடுத்து நான்கு ஆண்டுகள் பார்த்தார்கள். புதிய பாலிப்புகள் முளைப்பது குறையவில்லை என்று 1994-ல் முடிவு வெளியானது. அதே தகவல்களை 2003-ல் மறுபடி அலசியபோது ஒன்று புலப்பட்டது. புகையும் மதுவும் இல்லாதவர்களிடம் பீட்டா கரோட்டின் ஓரளவு நன்மை செய்ததைப் போல் தெரிந்தது. புகைப்பதோடு தினமும் ஒரு அளவுக்கு மேல் குடிப்பவர்களிடம், பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்குப் பாலிப் திரும்பும் வாய்ப்பு இரண்டு மடங்காகியிருந்தது.

சின்னண்ணனைப் பற்றி நீங்கள் எழுதியதை இந்த வரியோடு சேர்த்துப் படியுங்கள். கேப்ஸ்யூல் டப்பாவின் பின்பக்கத்தில் பீட்டா கரோட்டின் என்று இருக்கிறதா பாருங்கள்.

தடுக்கும் என்று நினைத்தது ஏன் தடுக்கவில்லை? ஒரு காரணம் இது. கட்டி உருவாகும் காலத்தில் துகள்கள் டிஎன்ஏ-வைக் கெடுக்கின்றன. ஆனால் புற்றுநோய் செல் உருவான பிறகு, அதுவும் உயிர்வாழ வேண்டுமே! கட்டுப்பாடில்லாமல் வேகமாகப் பெருகும் அந்தச் செல்லுக்குள்ளேயே துகள்கள் மிகுந்துவிடும். அதனால் அது நம் நொதிகளையே தன் பாதுகாப்புக்கு எடுத்துக்கொள்கிறது. பெருங்குடல் புற்றுநோய்களில் ஏறக்குறைய பத்தில் நான்கில் கேராஸ் என்ற மரபணு மாறியிருக்கும். மாறிய கேராஸ், நொதிகளைத் தயாரிக்க உத்தரவிடும் என்ஆர்எஃப்2 என்ற புரதத்தைக் கூட்டுகிறது என்று 2011-ல் எலிகளில் காட்டினார்கள். நுரையீரல் கட்டி உள்ள எலிகளுக்கு வைட்டமின் ஈ-யும் அசிட்டைல்சிஸ்டீனும் கொடுத்தபோது கட்டி வேகமாக வளர்ந்ததை ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2014-ல் கண்டார்கள். எலியில் கண்டதை மனிதருக்கு அப்படியே பொருத்தக் கூடாது. ஆனாலும் ‘கேப்ஸ்யூலால் கெடுதி ஒன்றும் இல்லையே’ என்ற பேச்சுக்கு இனி இடமில்லை.

பெரியண்ணனுக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்த இரும்பு மாத்திரை இருந்தால் அதை நிறுத்தக் கூடாது. நான் மேலே இரும்பைப் பற்றி எழுதியதைப் படித்துப் பயந்துவிட வேண்டாம். இழந்த ரத்தத்தை ஈடுகட்ட அது அவசியம்.

இனி என்ன செய்ய வேண்டும்?

பெரியண்ணனுக்கு: அறுவை சிகிச்சை முடிந்து ஒரு வருடத்தில் கொலோனோஸ்கோபி. அது சரியாக இருந்தால் அதிலிருந்து மூன்று வருடத்தில், பிறகு ஐந்து வருடத்தில். இந்தத் தேதிகளைக் கடை நாட்காட்டியில் குறித்து வைக்கச் சொல்லுங்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கட்டும். தினமும் நடக்கட்டும். கீமோ முடித்த பெருங்குடல் புற்றுநோயாளிகள் 889 பேரிடம் நடந்த சோதனை ஒன்றின் முடிவு 2025-ல் வெளியானது. மூன்று ஆண்டுகள் வழிகாட்டியோடு முறையாக உடற்பயிற்சி செய்தவர்களில் எட்டு ஆண்டுகளில் உயிரோடு இருந்தவர்கள் 90.3 சதவீதம். அறிவுரைக் கையேடு மட்டும் பெற்றவர்களில் 83.2 சதவீதம். அவர்கள் உங்கள் அண்ணனைவிட முற்றிய நிலையில் இருந்தவர்கள். உடற்பயிற்சி செய்யும்போது தசைகளில் துகள்கள் சற்றுக் கூடுகின்றன. அதைப் பார்த்து உடம்பு தன் நொதிகளைத் தானே பெருக்கிக்கொள்கிறது. கூடவே வைட்டமின் சி, ஈ மாத்திரைகளை விழுங்கியவர்களிடம் அந்தப் பெருக்கம் மட்டுப்பட்டதை 2009-ல் ஜெர்மனியில் கண்டார்கள். நொதி கூட வேண்டும் என்று விரும்பினால் அதற்கு நடைதான் வழி.

உணவில்: கேழ்வரகு, கம்பு, தீட்டாத அரிசி, பயறுகள், கீரை, காய், பழம். முழுதானியம் நாளுக்கு 90 கிராம் என்ற அளவில் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 17 சதவீதம் குறைவாக இருப்பதாக 2017-ல் உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் கணித்தது. பதப்படுத்திய இறைச்சி நாளுக்கு 50 கிராம் என்ற அளவில் அந்த வாய்ப்பு 18 சதவீதம் கூடும் என்று 2015-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை கூறியது. தயிரையும் பழத்தையும் பயந்து விலக்க வேண்டாம்.

அண்ணிக்கு: ரத்த உறவு இல்லாததால் அவருக்குக் கூடுதல் ஆபத்து கிடையாது. 45 வயதைத் தாண்டியிருந்தால் மற்ற எல்லோரையும் போல ஃபிட் பரிசோதனை செய்துகொள்ளலாம். கேப்ஸ்யூல் வேண்டாம்.

பெரியண்ணனின் பிள்ளைகளுக்கு: 40 வயதில் கொலோனோஸ்கோபி. எம்எம்ஆர் பரிசோதனையில் ஏதேனும் தெரியவந்தால் அதற்கு முன்பே. நடுவில் மலத்தில் ரத்தம், காரணமில்லாத ரத்தசோகை, மலம் கழிக்கும் பழக்கத்தில் மாற்றம் என்று எது வந்தாலும் வயதைப் பார்க்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். மூலம் என்று தாமாக முடிவு செய்யக் கூடாது. மூலமும் புற்றுநோயும் ஒரே ஆளிடம் சேர்ந்தே இருக்கலாம்.

சின்னண்ணனுக்கு: உடன்பிறந்தவருக்கு 60 வயதுக்கு முன் பெருங்குடல் புற்றுநோய் வந்தால், 40 வயதிலோ, நோய் கண்ட வயதுக்குப் பத்து ஆண்டுகள் முன்போ, எது முந்தியதோ அப்போதே கொலோனோஸ்கோபியைத் தொடங்கி, ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்ய வேண்டும். அவருக்கு 48 ஆகிவிட்டது. சிகரெட்டும் மதுவும் இரண்டுமே இந்தப் புற்றுநோய்க்கு நிரூபிக்கப்பட்ட காரணிகள். ‘மாத்திரை சாப்பிடுறேனே’ என்று அவர் சொன்னதைப் படித்தபோதுதான் எனக்கு வருத்தமாக இருந்தது. கேப்ஸ்யூலின் பெரிய கெடுதி அந்த நிம்மதிதான். பயம் வந்திருக்க வேண்டிய மனிதருக்கு மாதம் 1,400 ரூபாயில் தவறான தைரியத்தை விற்றிருக்கிறார்கள். மூவருக்கும் ஒரு வருடத்துக்கு 50,400 ரூபாய். அந்தப் பணம் கொலோனோஸ்கோபிக்குப் போகட்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இதைச் செய்கிறார்கள்.

சோதனைக்குப் பயப்படுகிறார் என்றால் உள்ளதைச் சொல்லுங்கள். முதல் நாள் திரவ உணவு, வயிற்றைச் சுத்தப்படுத்தும் மருந்து, ராத்திரி முழுக்கக் கழிவறைக்கும் கட்டிலுக்கும் நடை. சிரமம் அவ்வளவுதான். சோதனை அரை மணி நேரம் போல ஆகும். தூங்க மருந்து கொடுப்பதால் பெரும்பாலோர்க்கு எதுவும் நினைவிருப்பதில்லை.

இப்போது அந்த இன்னொருவர். ‘கூடப்பிறந்தவர்களும்’ என்று சர்ஜன் சொன்னதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதன்பின் பெரியண்ணனைப் பற்றி, அண்ணியைப் பற்றி, சின்னண்ணனைப் பற்றி எழுதினீர்கள். உங்களைப் பற்றி ஒரு வரி இல்லை. கையெழுத்துக்குப் பக்கத்தில் வயது மட்டும் இருந்தது. 44. பெரியண்ணனின் குடலில் பாலிப் முளைத்த காலத்தில் அவருக்கும் ஏறக்குறைய இந்த வயதுதான் இருந்திருக்கும். அப்போது யாராவது பார்த்திருந்தால், கம்பி வளையத்தால் எடுத்துவிட்டு அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். உங்களுக்கு நான்கு ஆண்டுகள் ஏற்கெனவே தள்ளிப்போய்விட்டன. எல்லோருக்கும் மருந்து வாங்கிக் கொடுத்துவிட்டுத் தன் வலியைச் சொல்லாமல் இருக்கும் பெண்களை என் அறையில் தினமும் பார்க்கிறேன். தயவுசெய்து நீங்கள் அந்த வரிசையில் நிற்க வேண்டாம்.

பெரியண்ணன் கேட்கும் கேள்விக்கு இப்படிச் சொல்லுங்கள். அவர் எதையும் தப்பாகச் சாப்பிட்டதால் இது வந்தது என்று எவராலும் சுட்டிக்காட்ட முடியாது. குடலின் உட்சுவர் சில நாட்களுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. அத்தனை கோடிப் பிரிதல்களில் எங்கோ ஒரு எழுத்து பிழையாகி, திருத்துபவர் கண்ணுக்குத் தப்பிவிட்டது. பிழை முற்றுவதற்குள் அண்ணி அவரை அழைத்து வந்துவிட்டார். அவர் குற்றவுணர்வோடு உட்கார்ந்திருக்க வேண்டாம். அவருக்கு இப்போது ஒரு வேலை இருக்கிறது. சின்னண்ணன் உங்கள் பேச்சைக் கேட்க மாட்டார், என் பேச்சையும் கேட்க மாட்டார். வயிற்றில் தையல் தழும்போடு இருக்கும் மூத்தவர் ஒருநாள் கடையை அடைத்துவிட்டு, ‘வாடா, நானும் கூட வர்றேன்’ என்று எழுந்தால் மறுக்க முடியாது. அந்த வண்டியில் உங்களுக்கும் ஒரு இடம் வைக்கச் சொல்லுங்கள்.